ஒரே லோங்காங், மூன்று இனம்: ஊரில் கூட்டணி கட்டுவது எப்படி

முதலில் மனு எழுதாதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பொதுக்காரியத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். நாமே மனுவை எழுதி முடித்துவிட்டு, மலாயில் பெயர்த்து, மலாய்க் கம்பத்திலும் (கிராமத்திலும்) சீனக் கம்பத்திலும் கையெழுத்துக் கேட்டுப் போனால், அதற்குப் பெயர் உதவி கேட்பது. உதவி ஒரு முறை கிடைக்கும். கோரிக்கையைச் சேர்ந்து உருவாக்கியவர்கள்தான் கடைசி வரை நிற்பார்கள்.

எங்கள் ஊர் விஷயம் வெள்ளம். தமிழ்த் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தொடங்கும் லோங்காங், அதாவது வடிகால் வாய்க்கால், சீனர்களின் காய்கறித் தோட்டங்களை ஒட்டி ஓடி, மலாய்க் கம்பத்துச் சூராவுக்கு (சிறு தொழுகைக்கூடத்துக்கு)ப் பின்புறம் ஆற்றில் விழுகிறது. மழை பலத்தால் மூன்று இடத்திலும் வீட்டுக்குள் தண்ணீர். புகார் மட்டும் தனித்தனி. அதிகாரிகள் எங்களிடம் ஆற்றுவாயில் அடைப்பு என்றார்கள். கம்பத்துக்காரர்களிடம் தோட்டத்துக் குப்பை என்றார்கள்.

ஆகவே, கையில் தாள் இல்லாமல் நடந்து போங்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர், லோங்காங்கின் தலையிலிருந்து ஆறு வரை. நாங்கள் அப்படி நடந்தபோதுதான் காய்கறி போடும் சீன அங்கிள் ஒருவர் சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாயைக் காட்டினார். மேலே வாய்க்கால் அகலம், குழாயின் வாய் குறுகல். தூர் வாரச் சொல்லிக் கேட்பதாக இருந்தோம். கேட்க வேண்டியது பெரிய குழாய். அந்த நிலத்தில் தினமும் குனிந்து நிற்கும் மனிதருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. கோரிக்கையே மாறிப்போனது.

எனக்கு இதில் பாடம் தந்தது அமெரிக்காவின் ஹவாய்க் கரும்புத் தோட்டங்கள். அங்கேயும் முதலாளிகள் இனத்துக்கு ஒரு குடியிருப்பு, இனத்துக்கு ஒரு சம்பளம் என்று வைத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், போர்த்துகீசியருக்கு 22.50. 1909-இல் ஓவாஹு தீவில் ஜப்பானியர் மட்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மற்ற இனத்தாரைக் கொண்டுவந்து அதை உடைத்தார்கள். 1920-இல் பிலிப்பினோக்களும் ஜப்பானியரும் ஒரே சமயத்தில் நின்றார்கள், ஆனால் இரண்டு சங்கமாக. அதுவும் தோற்றது. 1946-இல் எல்லா இனத்தாரும் ஐ.எல்.டபிள்யூ.யூ. என்ற துறைமுக, கிடங்குத் தொழிலாளர் சங்கம் ஒன்றிலேயே இருந்தார்கள். ஏறத்தாழ 26,000 பேர், 34 தோட்டங்களில் 33, 79 நாள். வென்றார்கள்.

அந்த வெற்றிக்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். முதலாளிகள் பிலிப்பைன்ஸிலிருந்து ஏறத்தாழ 6,000 புதிய ஆட்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். சங்கத்தினர் அந்தக் கப்பலிலேயே வேலைக்கு ஏறி, கரை சேர்வதற்குள் அவர்களைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். இன்று நம் லயங்களில் இருக்கும் வங்காளதேசிகளையும் நேப்பாளிகளையும் நினைத்துப் பாருங்கள். வெள்ளம் அவர்கள் அறைக்குள்ளும்தான் வருகிறது. போய்ப் பேசுங்கள், அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். அவர்களுடைய வேலை பெர்மிட் முதலாளியோடு கட்டுண்டது, வேலை போனால் நம்மால் மீட்டுத் தர முடியாது.

கூட்டம் போடும் இடம் கோயிலும் வேண்டாம், சூராவும் வேண்டாம், சீனச் சங்க மண்டபமும் வேண்டாம். ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாதான் சரி. நேரம் ஞாயிறு மாலை ஐந்து மணி: மாலை அசார் தொழுகை முடிந்திருக்கும், அந்தி மக்ரிப் தொழுகைக்குள் கலைந்துவிடலாம், மறுநாள் விடியலில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்களும் நேரத்தோடு படுக்கலாம். பலகாரம் ஹலால் கடையில், சைவமாக வாங்குங்கள். பேச்சு மலாயில் இருக்கட்டும். ஆனால் நம் பாட்டிகளுக்கும் சீனப் பாட்டிகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பேசுகிறவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும். வெள்ளத்தில் அடுப்பு நனைந்த பாட்டிக்குத் தெரிந்தது எந்த அதிகாரியின் தாளிலும் இருக்காது.

முதல் கூட்டத்திலேயே ஒன்றை எழுதிவையுங்கள்: யாருக்குத் தனியாக எந்தச் சலுகை வந்தாலும், மூன்று பக்கமும் கூடிப் பேசாமல் பதில் சொல்வதில்லை. தேர்தல் நெருங்கினால் "உங்கள் பக்கத்தை மட்டும் முதலில் செய்து தருகிறோம்" என்று நிச்சயம் வருவார்கள். 1903-இல் கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் ஜப்பானிய, மெக்சிகத் தொழிலாளர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களில் வேலைநிறுத்தத்தில் வென்றார்கள். பிறகு அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தார்கள். அதன் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், சீனரையும் ஜப்பானியரையும் சேர்க்காவிட்டால்தான் அங்கீகாரம் என்றார். மெக்சிகப் பக்கத்துச் செயலாளர் லிசாராஸ் மறுத்து எழுதினார். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் அமைப்பின் கதவு தங்களுக்கு மட்டும் திறந்தபோது, அவர்கள் நுழையவில்லை. இதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் தொழிற்சங்க வரலாற்றில் படித்ததில்லை.

வென்ற பிறகும் கவனம் வேண்டும். 1965 செப்டம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லேரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோக்கள். எட்டு நாள் கழித்து சீசர் சாவேஸ், டொலோரஸ் ஹுவெர்ட்டாவின் மெக்சிகச் சங்கம் சேர்ந்துகொள்ள முடிவெடுத்தது. மறு ஆண்டு இரண்டும் ஒன்றாயின, 1970-இல் ஒப்பந்தமும் வந்தது. ஆனால் எண்ணிக்கையில் குறைந்த பிலிப்பினோக்களின் குரல் உள்ளே தேய்ந்தது. 1971-இல் இட்லியோங் விலகிவிட்டார். அதனால் நம் குழுவில் தலையெண்ணி இடம் பிரிக்காதீர்கள். எங்கள் சீனக் கம்பத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், இருப்பவர்கள் வயதானவர்கள். அவர்களுக்கும் சமமான இடம், பணம் எடுக்க மூன்று பக்கத்துக் கையெழுத்து என்று வைத்திருக்கிறோம்.

குழாய் மாறியதும் குழுவைக் கலைக்காதீர்கள். அடுத்த கோரிக்கை மற்றவர் பட்டியலிலிருந்து வரட்டும். எங்கள் ஊரில் அது மலாய்க் கம்பத்துப் பள்ளிச் சாலைக்கு விளக்கு. நம் பிள்ளைகள் அந்த வழியே போவதில்லை. இருந்தாலும் வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு, லயத்திலிருந்து வீட்டுக்கு ஒருவராவது பாலாய் ராயாவுக்கு வந்துவிடுங்கள்.