கூட்டாளிகளோடு ஓப்பன் மைக் கவிதை இரவுக்குப் போவது எப்படி: கோலாலம்பூர்க்காரர்களுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், ஓப்பன் மைக் என்பது கவியரங்கம் இல்லை. தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது, மேடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் விளித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகும் அந்த நீண்ட வணக்கமும் கிடையாது. பேர் கொடுத்தவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடம், சில இடங்களில் மூன்றே நிமிடம், அவ்வளவுதான். தமிழ்ப்பள்ளிக் கவிதைப் போட்டி, பொங்கல் விழா, டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நூல் வெளியீடு என்று பழகிவிட்ட நம் ஆட்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். கவிதையில் குறை இருக்காது, அதைக் கொண்டுபோய் வைக்கும் விதம்தான் இடத்துக்குப் பொருந்தாமல் போகும்.

அறிவிப்பில் 'ஸ்லாம்' என்று போட்டிருந்தால் அது வேறு சங்கதி. 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி தொடங்கிய போட்டி வடிவம் அது. வந்திருப்பவர்களிலேயே ஐந்து பேரைப் பிடித்து நடுவராக உட்கார வைத்து, பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, அதிக மதிப்பெண்ணையும் குறைந்த மதிப்பெண்ணையும் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவார்கள், மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மதிப்பெண்ணில் வெட்டு. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் முதல் முறை வாசிக்கப் போகிறவரை இதில் இறக்கிவிடாதீர்கள்.

நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்று இன்ஸ்டாகிராமில்தான் தேட வேண்டும், நாளிதழில் வராது. பசார் செனி, பெட்டாலிங் ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரத்துப் பழைய கட்டடங்கள், பாங்சார், பெட்டாலிங் ஜெயா பக்கத்துக் கஃபேக்கள், சின்னப் புத்தகக் கடைகள் என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். நடத்துபவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்கிறவர்கள், அதனால் தேதி தள்ளிப்போகும், இடம் மாறும், ஒரு மாதம் நடக்காமலும் போகும். கிளம்பும் அன்று மதியம் ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். வாசிக்க விரும்பினால் பேர் கொடுப்பது எப்படி என்பதையும் அங்கேயே பாருங்கள், சிலர் முன்கூட்டியே ஆன்லைனில் பேர் வாங்குவார்கள், சிலர் வாசலில் ஒரு தாளை வைத்திருப்பார்கள். வாசல் தாள் என்றால் அரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது, இடம் கிடுகிடுவென்று நிரம்பிவிடும்.

எத்தனை பேரைக் கூட்டிப்போவது? மூன்று நான்கு பேர் போதும். பத்துப் பேர் போனால் அது ஒரு கும்பல், தனி மேசை போட்டு உட்காரும், தனியாகச் சிரிக்கும், தனியாகப் படம் எடுக்கும். நான்கு பேரில் ஒருவராவது கவிதை என்றால் ஓடுகிற ஆளாக இருக்கட்டும். அவருடைய முகம்தான் உங்களுக்கு உண்மையான விமர்சனம், மற்றவர்கள் நட்புக்காகத் தலையாட்டிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை என்றால் காரை வீட்டில் விட்டுவிடுங்கள் லா. ஜேமில் மாட்டி, பார்க்கிங் தேடி, வியர்த்து வழிந்துகொண்டு நுழைகிறபோது உங்கள் கூட்டாளி வாசித்து முடித்து இறங்கியிருப்பார். பசார் செனிக்கு எல்ஆர்டியும் வருகிறது, எம்ஆர்டியும் வருகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து ஒரே நிறுத்தம்தான். குடை கண்டிப்பாக வேண்டும், இந்த ஊர் மழை மாலை ஐந்து மணிக்குமேல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பல இடங்கள் கடைவீட்டு மாடியில் இருக்கும், பலகைகூடத் தெரியாது, இரண்டு கடைகளுக்கு நடுவே குறுகலாக ஒரு படிக்கட்டு ஏறும், அதுதான் வழி. வயதானவர்களைக் கூட்டிவருவதாக இருந்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நுழைவு இலவசம் என்றாலும் ஆளுக்குக் குடிக்க ஏதாவது ஒன்று வாங்குங்கள். இடம் கொடுக்கும் கடைக்கு அந்தப் பதினைந்து இருபது வெள்ளிதான் வருமானம். நான்கு பேர் சேர்ந்து ஒரு மினரல் வாட்டர் வாங்கிவிட்டு மூன்று மணி நேரம் ஏர்கோனில் உட்காருவது அழகில்லை.

உட்கார்ந்தபின் நடந்துகொள்ளும் முறை பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. தன் கூட்டாளி வாசித்து முடித்ததும் கும்பலாக எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்து வாசிக்க வருகிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடிப்பார். அவரும் உங்கள் கூட்டாளியைப் போல வாரக்கணக்கில் எழுதித் திருத்திக்கொண்டு வந்தவர்தான். போயே ஆக வேண்டும் என்றால் இடைவேளையில் போங்கள். கவிதை நடக்கும்போது கைதட்டுவதற்குப் பதில் விரலைச் சொடுக்குவார்கள், பிடித்த வரி வந்தால் நீங்களும் சொடுக்கலாம். நம் பாணியில் மெல்ல ஒரு 'ஆஹா' சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உள்ளபடியே சிலருக்கு அது பிடிக்கும். வீடியோ எடுக்க வேண்டுமானால் வாசிப்பவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், சிலர் வீட்டில் சொல்லாத விஷயத்தை அங்கே சொல்ல வந்திருப்பார்கள்.

மலாய்க் கவிஞர்கள் யாராவது பந்துன் என்ற நான்கு வரிப் பாட்டைச் சொன்னால் அவசரப்பட்டுச் சொடுக்காதீர்கள். நான்கு வரியில் முதல் இரண்டு வெறும் முன்னோட்டம், 'பெம்பாயாங்' என்பார்கள், மீனையோ ஆற்றையோ எதையாவது சொல்லி ஓசையைக் கட்டிவைக்கும். சொல்ல வந்தது கடைசி இரண்டு வரியில்தான் இறங்கும், ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் ஓசையில் இணையும். 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து பதிவுசெய்த வடிவம் அது. எதுகை கேட்டுப் பழகிய காதுக்கு இரண்டாவது பந்துனிலேயே பிடிபட்டுவிடும்.

சரி, இப்போது வாசிக்கப் போகிறவருக்கு.

தமிழில் வாசியுங்கள். கூடத்தில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது என்பதற்காக, கடைசி நேரத்தில் ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக்கொண்டு போகாதீர்கள், அது இரண்டு மொழியிலும் நிற்காது. அதற்குப் பதில் கவிதைக்கு முன்னால் இரண்டே வாக்கியம் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்லுங்கள். உதாரணத்துக்கு, ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய பாட்டியைப் பற்றிய கவிதை என்றால், "விடிவதற்கு முன்பே எஸ்டேட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள், இந்தக் கவிதையில் வருவது அந்தப் பேர்கள்" என்று சொன்னால் போதும். அப்புறம் நீங்கள் முனியம்மா, அஞ்சலை, காத்தாயி என்று ஒவ்வொன்றாக வாசிக்கும்போது மொழி தெரியாதவர்களும் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். முழுக் கவிதைக்கும் கோனார் உரை மாதிரி விளக்கம் சொல்லத் தொடங்கினால் நேரமும் போச்சு, கவிதையும் போச்சு.

கவியரங்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வோம், அங்கே அது சரி, கூட்டம் அதை எதிர்பார்க்கும். இங்கே அப்படிச் செய்தால் ஐந்து நிமிடத்தில் பாதி அதற்கே போய்விடும். திரும்பச் சொல்ல ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை ஒரு தடவை, நிதானமாக. வீட்டில் சத்தமாக வாசித்து போனில் நேரம் பாருங்கள், ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் நாலில் முடிகிற மாதிரி வெட்டுங்கள். மனசுக்குள் வாசித்துப் பார்க்கும் நேரம் கணக்கில்லை, மேடையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு போங்கள். போனில் வாசிப்பேன் என்பவர்கள் திரை தானாக அணையாதபடி மாற்றிவைத்துவிட்டு, ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் சரியாக உருக்கமான வரியில் 'சாப்டியா' என்று அம்மாவின் வாட்சப் வந்து கவிதையின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

மைக் விஷயம் சின்னதுதான், ஆனால் யாரும் சொல்லித்தருவதில்லை. உங்களுக்கு முன்னால் வாசித்தவர் ஆறடி என்றால் மைக் உங்கள் நெற்றிக்கு நேரே நிற்கும். கூச்சப்பட்டுக்கொண்டு எக்கி நின்று வாசிக்காதீர்கள். ஸ்டாண்டின் நடுவில் ஒரு வளையம் இருக்கும், ஒரு கையால் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைத் தளர்த்துங்கள், பிடிக்காமல் தளர்த்தினால் சர்ரென்று இறங்கிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். கையில் எடுத்து வாசிப்பதாக இருந்தால் வலைபோட்ட தலைப்பகுதியை உள்ளங்கையால் மூடாதீர்கள், மூடினால் ஒலி மங்கும், ஸ்பீக்கர் ஊளையிடவும் செய்யும். 'ப'வில் தொடங்கும் வரிகள் டப் டப் என்று வெடித்தால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வாசியுங்கள். மைக்கைத் தட்டி, ஊதி, 'ஹலோ ஹலோ' சொல்லிப் பார்ப்பது வேண்டாம், வணக்கம் சொன்னாலே வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

என்ன வாசிக்கலாம் என்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு ஜாக்கிரதை வேண்டும். இனம், மதம், அரச குடும்பம் இந்த மூன்றையும் தொடும் கவிதை என்றால் நடத்துபவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். பயந்து சாகச் சொல்லவில்லை, மேடை உங்களுடையது, ஆனால் உரிமம் கடைக்காரருடையது. 2022-இல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஒரு நகைச்சுவை கிளப்பின் ஓப்பன் மைக்கில் ஒருவர் செய்த காரியத்தால் மாநகர மன்றமான டிபிகேஎல் அந்தக் கிளப்பின் உரிமத்தையே ரத்து செய்தது.

முடிந்ததும் நடத்தியவருக்கு நன்றி சொல்லி, அடுத்த முறை எப்போது என்று கேட்டுவிட்டு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போங்கள். விமர்சனமெல்லாம் அங்கேதான், தே தாரிக் வந்தபிறகு. "நல்லா இருந்துச்சு" என்பதோடு நிறுத்தாமல் எந்த வரி காதில் நின்றது, எங்கே வேகமாகப் போய்விட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள், வாசித்தவருக்கு அதுதான் உதவும். ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும் என்பதால் பதினொன்றரைக்குள் நிலையத்தில் இருங்கள். அதைத் தாண்டி உட்கார்ந்து லெப்பாக் அடித்து அரட்டையைத் தொடர்வதாக இருந்தால் நான்கு பேரும் ஒரே கிரேப் எடுத்து, தூரத்தில் இருப்பவர் கடைசியாக இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். மாமாக் பில்லில் மட்டும் அன்றைக்கு வாசித்தவரிடம் பங்கு கேட்காதீர்கள்.