.315 ரைபிளில் தோட்டா சிக்குகிறதா?
பழைய .315 ரைபிளின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தோட்டா அடுக்கும்போது, ஒவ்வொன்றின் அடிவிளிம்பும் கீழேயுள்ள தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். இந்த வகைத் தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே புடைத்திருக்கும். மேலுள்ளது பின்னால் விழுந்துவிட்டால், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உருளை) தள்ளும்போது கீழ் விளிம்பில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் உரிமத்துடன் வைத்திருக்கும் விவசாயிகள், மேகசின் ஸ்பிரிங் மாற்றக் காசைக் கரைப்பதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள். விளிம்புகள் படிபோல இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

குழாய் மேகசின் கொண்ட பழைய லீவர் ரைபிளுக்கு இது பொருந்தாது. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். குழாய்க்குள் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மேகசின் வாய் நெளிந்திருந்தால் நீங்களே தட்டி நிமிர்த்தாதீர்கள், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.