முதன்முறையாக மோட்டார்ஹோமில்: நியூசிலாந்தின் தென் தீவுக்குக் குடும்பத்தோடு செல்வோருக்கு

கிறைஸ்ட்சர்ச்சில் வாகன நிறுவனத்தின் முற்றத்தில் சாவியைக் கையில் வாங்கியதும், ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டியும், குடிநீர், கழிவுநீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய நான்கையும் தானே சுமந்துகொண்டு நகரும் ஒரு வீடும் ஒருசேர உங்கள் பொறுப்புக்கு வந்துவிடுகின்றன. முதன்முறை செல்லும் குடும்பத்தினர் வண்டியை ஓட்டுவதை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் ஓட்டுவது இரண்டு மணி நேரத்தில் கைவந்துவிடும். அந்த வீட்டை நடத்தப் பழகுவதற்குத்தான் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்துத் திட்டமிட்டால் மற்ற நாள்கள் இனிதாக அமையும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. மதுரையிலிருந்து என் பெற்றோர், மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன் ஆகியோருடன், பள்ளி ஆண்டு விடுமுறையை ஒட்டி ஓர் ஏப்ரல் இறுதியில் ஒன்பது இரவுகள் சென்றுவந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்களை இருவர், நால்வர், அறுவர் படுக்கும் வண்டிகள் என்று பிரித்திருப்பார்கள். படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாமல், பகலில் அந்த வண்டி எப்படி இருக்கும் என்பதைத் தரைப்படத்தில் கூர்ந்து பாருங்கள். பல வண்டிகளில் சாப்பாட்டு மேசையை இறக்கி, அதன்மேல் மெத்தையை விரித்தால்தான் படுக்கை கிடைக்கும். பெரியவர்கள் உடன் வரும்போது, பின்பக்கத்தில் ஒரு தனி இருக்கைத் தொகுதி உள்ள வண்டியை எடுப்பது நல்லது. அந்த இடத்தை முதல் நாளே படுக்கையாக்கிவிட்டால் ஒவ்வொரு காலையும் அதைக் கலைக்க வேண்டியதில்லை, மதியம் அவர்கள் வேண்டும்போது சாய்ந்துகொள்ளலாம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கைக்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதால் அது பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்குமே பொருந்தும்.

வண்டி ஓடும்போது அனைவரும் இருக்கையில் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க வேண்டும். படுக்கையில் படுத்துக்கொண்டு வரக் கூடாது. ஏழு வயது நிறையாத குழந்தைகளுக்கு அவர்கள் உயரத்திற்கேற்ற குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் இருக்கையில் அதைப் பொருத்தக் கூடாது என்பதால், முன்னோக்கிய இருக்கைகள் எத்தனை, அவற்றுள் குழந்தை இருக்கையைப் பிணைக்கும் கொக்கி எதில் உள்ளது என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே அங்கே செல்லும். சாதாரண கார் உரிமத்தோடு ஆறு டன் வரை எடையுள்ள வண்டியை ஓட்டலாம் என்பதால் மோட்டார்ஹோமுக்கென்று தனி உரிமம் தேவையில்லை. வண்டி சேதமானால், காப்பீடு இருந்தும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பல்லாயிரம் டாலராக இருக்கக்கூடும். அதைக் குறைக்கும் கூடுதல் காப்பீட்டை எடுங்கள். எடுத்த பிறகும், கூரையிலும் அடிப்பகுதியிலும் ஏற்படும் சேதத்தை அது ஏற்கிறதா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியில் பழக்கமில்லாதவர்களுக்கு நேரும் விபத்து பெரும்பாலும் தலைக்கு மேலேதான் நேர்கிறது. டீசல் வண்டியானால், ஓடிய கிலோமீட்டருக்கேற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணமும் கணக்கில் சேரும்.

உணவுப் பெட்டி

நியூசிலாந்துக்குள் நுழையும்போது உணவுப் பொருள் எதுவானாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படும்; அறிவித்துவிட்டால், அதிகாரி பார்த்து வேண்டாம் என்றாலும் அந்தப் பொருளைத்தான் இழப்போம். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், தேன் ஆகியவற்றை எடுத்துச் செல்லவே வேண்டாம். என் தாயார் கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியையும் மிளகாய்ப்பொடியையும் படிவத்தில் குறித்தோம், அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாவற்றையும் கிறைஸ்ட்சர்ச்சிலேயே வாங்கிவிடுங்கள். அங்கே இந்திய மளிகைக் கடைகளும் உண்டு. தெற்கே போகப் போகக் கடைகள் சிறுத்து விலை ஏறும், ஆராக்கி மவுண்ட் குக் கிராமத்தில் சூப்பர் மார்க்கெட்டே கிடையாது. வண்டியில் பாத்திரங்கள் தருவார்கள் என்றாலும் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றையும் தாளிப்புக் கரண்டியையும் வீட்டிலிருந்து கொண்டுபோனது எங்களுக்குப் பெரிதும் உதவியது.

முதல் நாள்

சிங்கப்பூர் வழியாகப் பறந்து வந்து இறங்கிய அன்றே வண்டியை எடுக்காதீர்கள். ஓர் இரவு நகரத்தில் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் எடுங்கள். வண்டியைக் காட்டும் ஊழியர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். அவ்வளவும் நினைவில் நிற்காது. ஆகவே ஒருவர் கேட்க, மற்றொருவர் கைப்பேசியில் முழுவதையும் காணொலியாகப் பதிவு செய்யட்டும். கண்ணாடி, டயர், கூரையின் விளிம்பு, உள்ளே மேசையின் முனை என்று ஏற்கெனவே உள்ள கீறல்களை ஒன்றுவிடாமல் படமெடுத்துவையுங்கள்.

அன்று ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓட்ட வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சின் எல்லையிலேயே, மின் இணைப்பு உள்ள ஹாலிடே பார்க் (வண்டியோடு வருவோர் கட்டணம் கட்டித் தங்கும் முகாம்) ஒன்றில் பிற்பகல் இரண்டு மணிக்கே போய் நின்றுவிடுங்கள். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அந்தப் பிற்பகலில்தான் படுக்கையை விரித்து மடித்துப் பழகுவீர்கள், எந்தத் தாழ்ப்பாள் எப்படி விழும் என்று கற்பீர்கள், ஏதேனும் வேலை செய்யாவிட்டால் நிறுவனத்திற்குத் திரும்பிச் செல்லும் தொலைவில் இருப்பீர்கள். நாங்கள் இதைச் செய்யாமல் நேரே டெக்கபோ என்ற ஏரிக்கரை ஊரை நோக்கிக் கிளம்பினோம். முதல் ரவுண்டானாவிலேயே கரண்டி இழுப்பறை தாழ்ப்பாளை விட்டு வெளியே வந்து, அதிலிருந்த அத்தனையும் தரையில் கொட்டியது. அந்தச் சத்தத்தில் என் தாயார் பதறிப்போனார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நான் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். அதுவரை ஒரு கத்தி பிள்ளைகளின் காலடியில் கிடந்தது.

அன்று மாலையே என் தந்தையார் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டில் பன்னிரண்டு வரிகள் எழுதினார். கூரைச் சன்னல் மூடியதா, எரிவாயு வால்வு அடைத்ததா, குளிர்பெட்டிக் கதவு பூட்டியதா, இழுப்பறைகள் எல்லாம் அழுந்தியனவா, மின்கம்பி சுருட்டி உள்ளே வைத்ததா, படிக்கட்டு உள்ளிழுத்ததா, அடுப்பின்மேல் ஏதும் இல்லையா என்று ஒவ்வொரு காலையும் அவர் உரக்கப் படிப்பார். அந்தந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நாங்கள் ‘ஆச்சு’ என்போம். அதற்குப் பிறகு ஒரு கரண்டிகூடக் கீழே விழவில்லை. உங்கள் குடும்பத்திலும் இந்தப் பொறுப்பை ஒருவரிடமே, கூடுமானால் வண்டி ஓட்டாத மூத்தவரிடம் கொடுங்கள்.

சாலையில்

நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது நமக்கு நல்வாய்ப்பு. ஆயினும் ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு உண்மையிலேயே நின்று வழிவிட வேண்டும். ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். 3,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு 90. வளைவுகளில் மஞ்சள் பலகையில் காட்டியிருக்கும் வேகத்தை மோட்டார்ஹோம் ஓட்டுபவர் வரம்பாகவே கொள்ள வேண்டும். வரைபடச் செயலி மூன்று மணி நேரம் என்று காட்டினால் நான்கு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கென்று விட்டிருக்கும் ஒதுக்குப்பாதையில் இறங்கி அவற்றை முன்னே போகவிடுங்கள்.

தென் தீவில் ஒருவழிப் பாலங்கள் நிறைய உண்டு. சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகையில் உங்கள் திசைக்கான அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரே வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரியதாகவும் வெள்ளையாகவும் இருந்தால் முன்னுரிமை உங்களுடையது. முன்னுரிமை இருந்தாலும் மறுகரையைப் பார்த்துவிட்டே ஏறுங்கள். திரும்பும்போது வண்டியின் பின்பகுதி எதிர்ப்பக்கமாக வீசிச் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோல் பங்கில் தூணை ஒட்டி நின்றுவிட்டு ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் வால்பகுதி தூணில் உரசிவிடும். பின்னோக்கி எடுக்கும்போது ஒருவர் கட்டாயம் கீழே இறங்கி, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்ட வேண்டும். காற்று பலமாக வீசும் இடத்தில் கதவைக் கையை விட்டுத் திறக்காதீர்கள், கீல் பெயர்ந்துவிடும்.

ஆறு பேருக்கும் தாங்கக்கூடிய வழி என்று நான் கருதுவது இது: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கபோ ஏறத்தாழ 225 கிலோமீட்டர், அங்கிருந்து 3,724 மீட்டர் உயரமுள்ள ஆராக்கி மலையின் அடிவாரம் 105 கிலோமீட்டர், பிறகு லிண்டிஸ் கணவாய் வழியாக வானகா, அடுத்து குவீன்ஸ்டவுன், கடைசியாக டெ அனாவ். வானகாவிலிருந்து குவீன்ஸ்டவுனுக்கு கிரவுன் மலைத்தொடர் வழியாகப் போனால் தொலைவு குறைவுதான். ஆனால் 1,121 மீட்டர் வரை ஏறிக் கொண்டையூசி வளைவுகளில் இறங்க வேண்டும். குரோம்வெல் சுற்றி, கவராவ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லுங்கள். டெ அனாவிலிருந்து, மலைகளுக்கிடையே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டுக்கு மோட்டார்ஹோமை ஓட்டிச் செல்பவர்கள் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 120 கிலோமீட்டர் மலைப்பாதையும், பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும் ஹோமர் சுரங்கப்பாதையும் ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலேயே கட்டிப்போட்டுவிடும். வண்டியை டெ அனாவில் நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் போய்வந்தால் ஓட்டுநரும் அருவிகளைப் பார்க்கலாம். வழியில் கியா கிளிகள் வண்டியருகே வரும். உணவு கொடுக்கக் கூடாது.

தண்ணீர், கழிவு, மின்சாரம், எரிவாயு

வண்டியின் வயிற்றில் மூன்று கொள்கலன்கள் உண்டு: நல்ல தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவியதும் குளித்ததும் சேரும் கழிவுநீர்த் தொட்டி, கழிப்பறைக்கு அடியிலுள்ள கேசட் எனப்படும் பெட்டி. கேசட் ஏறத்தாழ 18 லிட்டர்தான் கொள்ளும். கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்தும் நம் வழக்கத்தில் ஆறு பேருக்கு அது ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். ஆதலால் பகலிலும் தங்குமிடத்திலும் பொதுக் கழிப்பறையையே பயன்படுத்தி, வண்டியிலுள்ளதை இரவில் பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கழிவை டம்ப் ஸ்டேஷன் என்று பலகையிட்ட இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். ஹாலிடே பார்க்குகளிலும் பல ஊர்களிலும் அது உண்டு, கேம்பர்மேட் என்ற செயலி அருகிலுள்ளதைக் காட்டும். கையுறை அணிந்து, முதலில் கேசட்டைக் கொட்டி அலசுங்கள். பிறகு குழாயைப் பொருத்திக் கழிவுநீரை வெளியேற்றுங்கள். இறுதியில் கேசட்டில் இரண்டு லிட்டர் தண்ணீரும் நிறுவனம் தரும் மருந்தும் ஊற்றுங்கள். கேசட்டை அலசும் குழாயிலிருந்து குடிநீர்த் தொட்டியை ஒருபோதும் நிரப்பக் கூடாது. இந்த வேலையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், நிரம்பும்வரை காத்திராமல், காலையில் கிளம்பும்போதே முடித்துவிடுங்கள்.

மின்கம்பத்தில் இணைக்கும்போது முதலில் வண்டியிலும் பிறகு கம்பத்திலும் செருகுங்கள். கழற்றும்போது கம்பத்திலிருந்து தொடங்குங்கள். இணைப்பு இல்லாத இரவில் விளக்கும் தண்ணீர்ப் பம்ப்பும் வண்டியின் மின்கலத்தில் ஓடும், மைக்ரோவேவும் மின்கெட்டிலும் ஓடா. மின்கலம் வண்டி ஓடும்போது மீண்டும் ஏறிக்கொள்ளும்.

எரிவாயுவில் சமைக்கும்போது சன்னலும் கூரைத் துவாரமும் திறந்திருக்க வேண்டும். டெக்கபோவில் முதல் இரவு குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் மூடிவைத்துக்கொண்டு என் மனைவி இரசத்துக்குத் தாளித்தார். மிளகாய் கறுக்கும் நெடி எழுந்த அடுத்த நொடியே புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒரு துண்டால் விசிறிக் கதவைத் திறந்துவைத்த பிறகே அது ஓய்ந்தது. மறுநாளிலிருந்து தாளிப்பை ஹாலிடே பார்க்கின் பொதுச் சமையலறையில் முடித்துக்கொண்டு வந்தோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவைக் காட்டும் கருவி தரையை ஒட்டி இருக்கும். பையை வைத்து அதை மறைத்துவிடாதீர்கள். அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து.

இரவு எங்கே

கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. உள்ளேயே நிலையான கழிப்பறை உள்ள, கழிவைத் தானே தேக்கிவைக்கும் வண்டி என்பதற்கான பச்சைச் சான்று ஒட்டிய வண்டிகளுக்கு மட்டும் சில இடங்களில் இலவசமாகத் தங்க அனுமதி உண்டு; அதுவும் ஒவ்வொரு வட்டார மன்றத்தின் விதிக்கு உட்பட்டது. முதல் பயணத்தில் இரண்டு இரவுக்கு ஒன்றாவது மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்காக இருக்கட்டும். ஆராக்கி அடிவாரத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் மின்சாரம் கிடையாது. ஆனாலும் அந்த ஓர் இரவைத் தவறவிடாதீர்கள். அப்பகுதி 2012 முதல், விளக்கொளியைக் கட்டுப்படுத்தி இரவு வானைக் காக்கும் இருள்வானக் காப்பகமாக இருப்பதால், விளக்கணைத்து வெளியே வந்தபோது பால்வீதி மலையின் தோளில் இறங்கிக் கிடந்தது. எழுபத்தொரு வயதில் என் தந்தையார் போர்வையைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் படிக்கட்டிலேயே அமர்ந்திருந்தார். ஏப்ரல் இறுதியில் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். ஐந்து மணிக்குள் நிறுத்துமிடத்தை அடைந்துவிட வேண்டும். கம்பளியாடையும் காலுறையும் ஆளுக்கு இரண்டு தேவை.

ஒப்படைக்கும் நாள்

முந்தைய இரவைக் கிறைஸ்ட்சர்ச்சிலேயே கழியுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் பிற்பகலிலேயே மூடிவிடும், தாமதத்திற்குத் தனிக் கட்டணம் உண்டு. காலையில் மிஞ்சிய அரிசியையும் எண்ணெயையும் ஹாலிடே பார்க் சமையலறையில் அதற்கென உள்ள அலமாரியில் வைத்துவிடலாம். அங்கே அடுத்து வருபவர் எடுத்துக்கொள்வார். இரண்டு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து, தரையைக் கூட்டி, டீசலை நிறுவனத்திற்கு அருகிலுள்ள பங்கில் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி அளவுமானியையும், வண்டியின் நான்கு பக்கங்களையும் மீண்டும் படமெடுங்கள். முன்பணம் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்து சேரும்வரை அந்தப் படங்களையும் டீசல் ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.