முட்டினால் ஒரு சென்சார், முட்டுவதற்கு முன் இன்னொன்று: ரோபோவுக்குத் தொடுதலும் தூரமும்

ரெண்டு சக்கர ரோபோவை ஓடவிட்டாயிற்று. அது நேராகப் போய்ச் சுவரில் முட்டி, நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறதா? அதற்கு ரெண்டு சென்சார் மாட்டுவோம். லிவர் வைத்த ஒரு மைக்ரோ ஸ்விட்ச், ஒலியால் தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) என்ற அல்ட்ராசோனிக் சென்சார், நிரல் ஏற்றி ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, கொஞ்சம் ஜம்பர் ஒயர் போதும். மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம்.

படி 1: தொடு ஸ்விட்ச்

பலரும் தூர சென்சாரில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஸ்விட்சில் ஆரம்பிக்கச் சொல்வேன். தூர சென்சார் ஊகம்தான் சொல்லும். ஸ்விட்ச் நடந்ததைச் சொல்லும். 1940களின் இறுதியில் பிரிஸ்டலில் கிரே வால்டர் செய்த ஆமை ரோபோக்களிலும் இந்த ஏற்பாடுதான்: மேல் ஓடு எதிலாவது இடித்து நகர்ந்தால், உள்ளே ஒரு கான்டாக்ட் சேரும்.

ஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும். சி பொது. என்ஓ, அழுத்தினால் சேரும். என்சி, அழுத்தினால் பிரியும். குழப்பமாக இருந்தால் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முள்ளை சி காலில் வைத்து, மற்றதை அடுத்த கால்களில் மாற்றி மாற்றித் தொடுங்கள். அழுத்தாதபோது பீப் கேட்டு, லிவர் 'டிக்' என்று அமுங்கியதும் நின்றுபோனால் அதுதான் என்சி.

வழக்கமாக என்ஓ காலைத்தான் இணைக்கச் சொல்வார்கள். வேண்டாம், என்சி எடுங்கள். சி காலை ஜிஎன்டியில் (போர்டின் கிரவுண்ட், 0 வோல்ட்) கொடுங்கள், என்சி காலை 7ஆம் பின்னில். நிரலில் அந்தப் பின்னை 'இன்புட் புல்லப்' (INPUT_PULLUP) என்று அறிவியுங்கள். சிப்பின் உள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும். எதுவும் தொடாதபோது பின் ஜிஎன்டியுடன் சேர்ந்திருப்பதால் 'லோ' (0 வோல்ட்) வரும், மோதினால் 'ஹை' (5 வோல்ட்). ஓடும் ரோபோவில் ஒயர் கழன்றுபோவது சகஜம். கழன்றாலும் 'ஹை'தான் வரும், ரோபோ முன்னேறாது. என்ஓ இணைப்பில் ஒயர் கழன்றால் "எதுவும் தொடவில்லை" என்றே நினைத்து முட்டிக்கொண்டிருக்கும்.

அழுத்தும்போது கான்டாக்ட் சில மில்லி விநாடி துள்ளும். மோதல்களை எண்ணினால்தான் அது தொல்லை. நிறுத்துவதற்கு முதல் 'ஹை'யே போதும்.

படி 2: தூர சென்சார்

சென்சாரின் நாலு கால்களை இப்படி இணையுங்கள்: விசிசி (மின்சாரம்) 5 வோல்ட்டில், ஜிஎன்டி ஜிஎன்டியில், ட்ரிக் 9ஆம் பின்னில், எக்கோ 10ஆம் பின்னில். (3.3 வோல்ட் போர்டு என்றால் எக்கோவை நேரடியாகக் கொடுக்காதீர்கள். ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும்.)

ட்ரிக் பின்னை 10 மைக்ரோ விநாடி 'ஹை'யில் வைத்தால், சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் 8 துடிப்புகளை அனுப்பும். எதிரொலி திரும்பும்வரை எக்கோ 'ஹை'யில் இருக்கும். அந்த நேரத்தை 'பல்ஸ்இன்' (pulseIn) என்ற ஆர்டுயினோ கட்டளை மைக்ரோ விநாடியில் தரும். 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். ஒலி ஒரு சென்டிமீட்டர் போக ஏறக்குறைய 29 மைக்ரோ விநாடி, போய்வர 58. வெயில் ஏறினால் ஒலியின் வேகம் கொஞ்சம் கூடும். 20 சென்டிமீட்டர் தூரத்துக்கு அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

'பல்ஸ்இன்'னுக்கு 30,000 மைக்ரோ விநாடி வரம்பு கொடுங்கள். அதற்குள் எதிரொலி முடியாவிட்டால் 0 தரும். இங்கேதான் கவனம் தேவை. "20ஐ விடக் குறைவு என்றால் நில்" என்று மட்டும் எழுதினால், 0மும் குறைவுதானே! காலியான கூடத்தின் நடுவில் ரோபோ அசையாமல் நிற்கும். 0 வந்தால் "எதுவும் தெரியவில்லை" என்று தனியாகக் கையாளுங்கள்.

தெரியவில்லை என்பதால் எதிரே எதுவும் இல்லை என்றாகிவிடாது. திரைச்சீலை ஒலியை விழுங்கும், சாய்ந்த பலகை வேறு பக்கம் திருப்பிவிடும், 2 சென்டிமீட்டருக்குள் வந்த பொருளை சென்சாரால் அளக்க முடியாது.

படி 3: ரெண்டையும் சேர்த்தல்

நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் 'லூப்' பகுதியில் முதலில் ஸ்விட்சைப் படியுங்கள். 'ஹை' என்றால் நின்று, பின்வாங்கி, திரும்பட்டும். இல்லையென்றால் தூரத்தைப் பாருங்கள்: 0க்கு மேல், 20க்குக் கீழ் என்றால் திரும்பட்டும். ரெண்டு அளவீடுகளுக்கு நடுவே 60 மில்லி விநாடி விடுங்கள். அதை 'டிலே' (நிரலைக் காக்க வைக்கும் கட்டளை) போட்டுக் கழிக்காமல் 'மில்லிஸ்' (ஓடிய நேரத்தைச் சொல்லும் கட்டளை) வைத்துக் கணக்கிடுங்கள். 'டிலே'யில் இருக்கும்போது ஸ்விட்ச் அமுங்கினாலும் நிரல் கவனிக்காது.

படி 4: சோதனை

ரோபோவைத் தரையில் விடுவதற்கு முன் ஒரு டப்பாமேல் தூக்கி வையுங்கள், சக்கரம் அந்தரத்தில் சுற்றட்டும். முன்னால் நோட்டுப்புத்தகத்தைக் காட்டுங்கள், லிவரை அழுத்துங்கள், அப்புறம் 7ஆம் பின் ஒயரை உருவிப் பாருங்கள். மூன்றுக்கும் சக்கரத்தின் போக்கு மாற வேண்டும். எதையும் தொடாமலேயே பின்வாங்கிக்கொண்டிருந்தால், ஒயரை என்ஓ காலில் மாட்டியிருப்பீர்கள்.