எஸ்க்யூஎல் சர்வரில் அழிந்த ரெக்கார்டுகளை மீட்பதும், அழித்தது யாரென்று பார்ப்பதும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருளில் நான் பார்த்துக்கொள்ளும் பில்லிங் டேபிளிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகள் அழிந்துவிட்டன. விடிவதற்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். அன்றைக்குச் செய்த வழிதான் இது.

டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்கும்வரை மாற்றங்கள் எல்லாம் லாக்கில் தங்கும் அமைப்பு) இருக்க வேண்டும்; வரிகள் அழிவதற்கு முந்தைய ஃபுல் பேக்கப் ஒன்றும், அதன்பின் எடுத்த லாக் பேக்கப்புகள் எல்லாமும் வேண்டும். லாக் என்பது டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு. முதல் வேலையாக, காப்பி ஒன்லி முறையில் இன்னொரு லாக் பேக்கப் எடுங்கள். சாதாரண லாக் பேக்கப் எடுத்தால் லாக்கின் பழைய பகுதி லாக்கிலிருந்தே நீக்கப்பட்டுவிடும்; காப்பி ஒன்லி அப்படி நீக்காது. நாம் தேடுவது அதற்குள்தான் இருக்கும்.

அடுத்து, லாக்கைப் படித்துக் காட்டும் எஃப்என்_டிபிலாக் ஃபங்ஷனில், ஆபரேஷன் எல்ஓபி_டெலிட்_ரோஸ் என்றுள்ள வரிகளில் உங்கள் டேபிளுக்கு உரியதைப் பிடியுங்கள். அதன் டிரான்சாக்‌ஷன் ஐடியை வைத்து எல்ஓபி_பிகின்_எக்ஸாக்ட் வரியை, அதாவது அந்த அழிப்பு வேலை தொடங்கிய வரியைத் தேடினால், அது தொடங்கிய நேரமும் டிரான்சாக்‌ஷன் எஸ்ஐடியும் (அதைச் செய்த லாகினின் அடையாள எண்) கிடைக்கும். அந்த எஸ்ஐடியை எஸ்யூசர்_எஸ்நேம் ஃபங்ஷனில் கொடுத்தால் லாகின் பெயர் வந்துவிடும். இதற்கென்று விலை கொடுத்து லாக் ரீடர் வாங்கத் தேவையில்லை, எஸ்க்யூஎல் சர்வரை இயக்கும் இலவச டூலான எஸ்எஸ்எம்எஸ் போதும் என்பது என் கருத்து.

நான் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த படியில். ஃபுல் பேக்கப்பை வேறு பெயரில், நோரெக்கவரியோடு (மேலும் லாக் போடுவதற்கு இடம்விட்டு) ரீஸ்டோர் செய்து, லாக் பேக்கப்புகளை வரிசையாகப் போட்டு, கடைசியில் ஸ்டாப்பிஃபோர்மார்க் கொடுத்து அந்த பிகின் வரியின் எல்எஸ்என்னுக்கு (லாக்கின் ஒவ்வொரு வரிக்கும் உள்ள வரிசை எண்) சற்று முன்பே நிறுத்த வேண்டும். லாக்கில் தெரியும் எல்எஸ்என், மூன்று பகுதிகள் கொண்ட ஹெக்ஸ் (16 அடிமான) எண். அதைத் தசம எண்ணாக மாற்றும்போது இரண்டாம் பகுதிக்கு 10 இலக்கம், மூன்றாம் பகுதிக்கு 5 இலக்கம் வருமாறு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். நான் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் திண்டாடினேன். மாற்றவே வேண்டாம்: 'எல்எஸ்என்:' என்பதற்குப் பிறகு 0எக்ஸ் சேர்த்து, லாக்கில் உள்ளபடியே ஒட்டினால் ஏற்றுக்கொள்கிறது.

அப்புறம் மூல டேபிளில் இல்லாத வரிகளை மட்டும் இன்சர்ட் செய்யுங்கள். ஐடென்டிட்டி நெடுவரிசை (தானாக எண் போட்டுக்கொள்வது) இருந்தால் ஐடென்டிட்டி_இன்சர்ட் ஆன் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: எஃப்என்_டிபிலாக் காலியாக வருகிறது என்று சிலர் கேட்டீர்கள். இடையில் தானியங்கி லாக் பேக்கப் ஓடியிருக்கும். எஃப்என்_டம்ப்_டிபிலாக் அந்தப் பேக்கப் ஃபைலையே படிக்கும். ஃபைல் பெயருக்குப் பின் 63 முறை டிஃபால்ட் என்று எழுத வேண்டும், குறைந்தால் ஓடாது.

இன்னொன்று, அப்ளிகேஷன் முழுக்க ஒரே லாகினில் ஓடினால் அந்தப் பெயர்தான் வரும். ஆளைக் கண்டுபிடிக்க, தொடங்கிய நேரத்தை அப்ளிகேஷன் லாக்கோடு ஒப்பிடுங்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.