டெபியன் லினக்ஸில் டயல்-அப் இணைப்பு

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் நுழைவதுதான் டயல்-அப்; அதற்கான கருவி மோடம். சீரியல் போர்ட்டில் (கணினியின் பழைய வகைத் துளை) செருகும் வெளி மோடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குத் தனி டிரைவரே (கருவியை இயக்கும் மென்பொருள்) வேண்டாம். கணினிக்குள் பொருத்தும் மலிவான கார்டுகள் பெரும்பாலும் வின்மோடம். தன் வேலையைச் செயலியின் தலையில் கட்டிவிடும். லினக்ஸ் டிரைவர் கிடைக்காவிட்டால் அசையாது. காசு மிச்சம் என்று அதை வாங்காதீர்கள்.

விண்டோஸில் காம்1 எனப்படும் சீரியல் போர்ட் இங்கே டிடிஒய்எஸ்0 (ttyS0). எண் ஒன்று குறையும். பலர் தடுமாறுவது இதில்தான். ரூட்டாக, அதாவது நிர்வாகியாக நுழைந்து, இணைப்பை அமைக்கும் பிபிபிகான்ஃபிக்கை (pppconfig) ஓட்டி, இணைய நிறுவனத்தின் தொலைபேசி எண், அவர்கள் தந்த பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைக்கு பேப் (PAP), தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு டைனமிக் என்று தேர்ந்தெடுங்கள். வேகம் 115200 என்றே வையுங்கள். 56 கே என்பது தொலைபேசிக் கம்பியில் போகும் வேகம். 115200 கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வேகம். சுருக்கி வந்த தரவை மோடம் விரித்துத் தரும்போது இந்த அகலம் தேவைப்படும்.

பயனரை, டயல் செய்ய உரிமையுள்ள டிப் (dip) குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். பான் (pon) என்று அடித்தால் டயல் ஆகும், பாஃப் (poff) துண்டிக்கும், பிலாக் (plog) இணைப்பின் பதிவைக் காட்டும்.

‘நோ டயல்டோன்’ (டயல் ஒலி இல்லை) என்ற பிழை வந்தால், கம்பி மோடத்தின் ‘லைன்’ துளையில்தான் இருக்கிறதா பாருங்கள். பக்கத்திலுள்ள ‘ஃபோன்’ துளையில் செருகியிருப்போம். அது சரியென்றால், தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் டோன் மோடத்துக்குப் புரியவில்லை. மோடம் தொடக்கக் கட்டளையை ஏடிஎக்ஸ்3 (ATX3) என மாற்றினால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

இணைந்தும் பக்கம் திறக்கவில்லையா? நெட்வொர்க் கார்டு பிடித்துவைத்த டிஃபால்ட் ரூட்டை (தரவு வெளியே போகும் இயல்பான பாதை), டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி (pppd) நிரல் மாற்றாது. இஃப்டவுன் (ifdown) கட்டளையோடு கார்டின் பெயரை (பழைய டெபியனில் ஈத்0, eth0) கொடுத்து அதை நிறுத்திவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.