ராணுவ வீரர் கல்லறையில் பச்சை வளையம் வைப்பது எப்படி?

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்கா முழுக்க முன்னாள் ராணுவத்தினர் கல்லறைகளில் தன்னார்வலர்கள் அஞ்சலியாகப் பச்சை வளையம் (மரக் கிளைகளை வட்டமாகக் கட்டிய 'ரீத்') வைப்பார்கள். மெயின் மாநிலத்தில் வளைய வியாபாரம் செய்த மோரில் உஸ்டர் என்பவர் 1992-இல் கையில் மிஞ்சிப்போன 5,000 வளையங்களை வாஷிங்டன் பக்கத்தில் இருக்கும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார். 2005-இல் பனிக்கு நடுவே அந்த வளையங்கள் சாத்தியிருந்த படம் இணையத்தில் பரவ, 2007-இல் 'ரீத்ஸ் அக்ராஸ் அமெரிக்கா' அமைப்பு உருவானது. வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் பதிவு. அந்த அமைப்பின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டி, பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். வளையத்துக்குப் பணம் கட்டுவது தனி, கட்டாயமில்லை. முதல் தடவையே ஆர்லிங்டன் போகாதீர்கள் என்பது என் கட்சி. கூட்டம், பாதுகாப்புச் சோதனை, மெட்ரோ நெரிசல் எல்லாம் தாண்டி உள்ளே போவதற்குள் பாதித் தெம்பு போய்விடும்.

அப்புறம் கையுறை. வளையம் பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளால் ஆனது, பிசின் கசியும், கம்பளிக் கையுறையில் ஒட்டினால் அதோடு அது குப்பைதான். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்டவேலைக் கையுறைதான் சரி. அதையும் மீறிக் கையில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு சோப்புப் போடுங்கள். ஒரு துடைப்பக் கட்டையும் கொண்டு போங்கள்: வளையங்களை அதில் கோத்து ஆளுக்கொரு முனை பிடித்தால் வளையம் வந்திறங்கும் லாரிக்கும் கல்லறைக்கும் அலைய வேண்டாம்.

பெரும்பாலான இடங்களில் நண்பகலில் சிறு விழா இருக்கும், தரைப்படை, கடற்படை என்று படைப்பிரிவுக்கு ஒன்றாக வளையம் வைப்பார்கள். எப்போது ஆரம்பிக்கலாம் என்று அங்கிருப்பவர்கள் சொல்வார்கள், அதுவரை பொறுங்கள்.

எல்லாரும் தடுமாறுவது இனிமேல்தான்: கல்லுக்கு முன்பக்கம் எது? தேசியக் கல்லறைகளில் நிற்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லில் பல சமயம் இரண்டு பக்கமும் பெயர் இருக்கும். வீரர் பெயர் ஒரு பக்கம், மனைவியும் அங்கேயே அடக்கமாகியிருந்தால் அவர் பெயர் மறுபக்கம், கூடவே 'ஹிஸ் வைஃப்' என்று. வரிசைக்குப் பின்பக்கமாக நுழைந்துவிட்டால் பெயரைப் பார்த்ததும் அங்கேயே சாத்தத் தோன்றும். உச்சியில் சிலுவை மாதிரி சமயச் சின்னம், பெயர், பதவி, 'யூஎஸ் ஆர்மி' போலப் படைப்பிரிவு, சண்டை போட்ட போரின் பெயர், இதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் முன்பக்கம்.

வளையத்தைச் சிவப்பு ரிப்பன் உச்சியில் வருமாறு பிடித்து, அடியைக் கொஞ்சம் வெளியே தள்ளிச் சாய்த்து வையுங்கள், பெயர் மறையக் கூடாது. பெட்டியில் நசுங்கிய ரிப்பனை விரலால் நிமிர்த்திவிடுங்கள். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்து பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். போலந்துப் பெயர், ஜெர்மன் பெயர் எல்லாம் வாயில் நுழையாது, பரவாயில்லை, நிதானமாகச் சொன்னால் போதும். கல்லில் பதவி சுருக்கமாக இருக்கும்: 'எஸ்ஜிடி' என்றால் சார்ஜென்ட், 'சிபிஎல்' என்றால் கார்ப்பரல். கை நிறைய அள்ளிக்கொண்டு ஓட்டமாக வைத்து முடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, அதற்கு வராமலே இருக்கலாம்.

பின்சேர்க்கை 1: யூதர்களின் சமயச் சின்னமான தாவீது நட்சத்திரம் பொறித்த கல்லில் என்ன செய்வது என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். யூதர்கள் கல்லறையில் சின்னக் கூழாங்கல் வைப்பதுதான் வழக்கம், அதனால் குடும்பத்தார் கேட்டாலொழிய வளையம் வைப்பதில்லை. நின்று, பெயரைச் சொல்லிவிட்டு நகருங்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் இதை முன்பே சொல்லிவையுங்கள், 'இவருக்கு மட்டும் ஏன் இல்லை' என்று கேட்பார்கள்.

பின்சேர்க்கை 2: ஜனவரியில் வளையங்களை அள்ளும் நாளும் உண்டு. அதற்கு ஆள் வருவது குறைவு, முடிந்தால் அதற்கும் பெயர் கொடுங்கள். காய்ந்த கிளைக்குள் கம்பி இருக்கும், கையுறையை மறக்காதீர்கள்.